ரெண்டு ஸ்டாக் வைத்து க்யூ கட்டினால், எடுப்பதற்கு நிலையான நேரம் என்பது எப்படி?

வேளச்சேரி மாணவி:
வணக்கம். கடைசி வருடம் படிக்கிறேன், அடுத்த மாதம் சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூ இருக்கிறது. ரெண்டு ஸ்டாக்கால் (கடைசியில் வைத்தது முதலில் வெளியே வரும் அடுக்கு) க்யூ (முதலில் வந்தது முதலில் வெளியே போகும் வரிசை) கட்டும் முறை புரிகிறது: வருவதை எல்லாம் முதல் ஸ்டாக்கில் போட வேண்டும், எடுக்கும்போது ரெண்டாவது காலியாக இருந்தால் முதலில் இருப்பதை முழுக்க அதில் கொட்ட வேண்டும், வரிசை தலைகீழாவதால் முதலில் வந்தது மேலே வந்துவிடும். ஆனால் 1000 எண்களைப் போட்டுவிட்டு ஒன்றை எடுத்தால் 1000-மும் நகர வேண்டுமே. அப்புறம் எப்படி எடுப்பதற்கு நிலையான நேரம்தான், அதாவது எத்தனை எண் இருந்தாலும் நேரம் கூடாது என்கிறார்கள்?

தரமணி அண்ணன்:
அந்த ஒரு எடுப்பை மட்டும் பார்க்காதே தங்கச்சி, ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு அது உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும்வரை என்ன ஆகிறது என்று பார். முதல் ஸ்டாக்கில் ஒரு புஷ் (மேலே வைப்பது), அங்கிருந்து ஒரு பாப் (மேலிருந்து எடுப்பது), ரெண்டாவதில் ஒரு புஷ், கடைசியாக ஒரு பாப். நாலே வேலை. எந்த வரிசையில் போட்டாலும் எடுத்தாலும் 1000 எண்களுக்கு 4000-ஐத் தாண்டாது. இப்படி மொத்தச் செலவை எல்லா வேலைக்கும் பங்கிட்டுப் பார்ப்பதைத்தான் அமார்டைஸ்டு கணக்கு என்கிறோம், கணினி விஞ்ஞானி ராபர்ட் டார்ஜன் 1985-ல் இந்த முறையை முறைப்படி எழுதினார். இதில் அதிர்ஷ்டமோ நிகழ்தகவோ கிடையாது, மொத்தச் செலவுக்கு உறுதியான உச்சவரம்பு.

ரெண்டாவது காலியானால்தான் கொட்ட வேண்டும், இதை விட்டுவிடாதே. 1, 2, 3 போட்டு 1-ஐ எடுத்துவிட்டாய், அடுத்து 4 வருகிறது. இப்போதே கொட்டினால் 4 போய் 2-க்கு மேலே உட்காரும், 2-க்கு முன்னாலேயே வெளியே வந்துவிடும். சிலர் ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் மிச்சத்தைப் பழையபடி முதல் ஸ்டாக்குக்கே திருப்பிக் கொட்டுவார்கள். விடை சரியாக வரும், ஆனால் நான் சொன்ன நாலு வேலை கணக்கு அங்கே செல்லாது.

கோட்டூர்புரம்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் மொத்தத்தில் குறைவு என்பது எல்லா இடத்திலும் போதாது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு எடுப்பு நீண்டுவிட்டாலும் காதில் வெட்டு கேட்கும். ஹூட், மெல்வில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1981-லேயே இதற்கு வழி சொன்னார்கள்: காலியாகும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு வேலையோடும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகீழாக்கும் பாக்கியை முடித்துவிடுவது. இன்டர்வியூவில் "மோசமான நிலையில் என்ன?" என்று கேட்டால் சாதாரண ரெண்டு ஸ்டாக் முறையில் ஒரு எடுப்புக்கு க்யூவின் மொத்த நீளமும் ஆகலாம் என்று நேராகச் சொல்லுங்கள்.

வேளச்சேரி மாணவி:
ரொம்ப நன்றி, இப்போது பிடிபட்டது. க்யூவிலிருந்து ஸ்டாக் கட்டினாலும் இதே கணக்கு வருமா? அப்புறம், இன்டர்வியூ தவிர இது எங்காவது பயன்படுகிறதா?

தரமணி அண்ணன்:
வராது. ஒரு க்யூவை இன்னொரு க்யூவில் கொட்டினால் வரிசை அப்படியே இருக்கும், தலைகீழாகாது. அதனால் புதிதாக ஒன்று போட்டதும் மற்ற எல்லாவற்றையும் எடுத்துப் பின்னால் போட்டுச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு புஷ்ஷுக்கும் அந்தச் செலவு உண்டு.

பயன்பாடு நிறைய. ஸ்காலா என்ற ப்ரோக்ராமிங் மொழியில் மாறாத க்யூ (கட்டிய பிறகு மாற்ற முடியாதது) உள்ளே ரெண்டு லிஸ்ட்தான். எனக்குப் பிடித்தது, நகரும் ஜன்னலில், அதாவது புதியது சேரச் சேரப் பழையது விலகும் எண் தொகுப்பில், மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிப்பது: ஒவ்வொரு ஸ்டாக்கிலும் எண்ணோடு, அடியிலிருந்து அதுவரைக்குமான சிறியதையும் சேர்த்து வைத்தால், ரெண்டு ஸ்டாக்கின் உச்சியிலும் அப்படிச் சேர்த்து வைத்தவற்றில் எது சிறியதோ அதுதான் ஜன்னல் முழுவதற்கும் விடை. இதை இன்றைக்கே எழுதிப் பார், சந்தேகம் வந்தால் எழுதிய ப்ரோக்ராமை இங்கேயே போடு.