பெரியப்பா காது

செல்வி அத்தை: அண்ணன் காது ரிப்போர்ட் என்னாச்சு? போன் பண்ணா எடுக்கறதில்ல, குரூப்லயும் யாரும் வாயத் தொறக்கல

கார்த்தி: ஸ்குவாமஸ் செல்னு போட்டிருக்குங்க அத்தை. தோல்ல வர்ற கேன்சர். பரவலையாம், வெட்டி எடுத்துருவாங்க

பெரியப்பா: நாலு மாசமா ஆறாத புண்ணுக்கு மஞ்சப்பத்து போட்டுட்டு இருந்தேன்

செல்வி அத்தை: கொழிஞ்சாம்பாறைல எல்லாருந்தான் தோப்பு வெயில்ல நிக்கறாங்க. அண்ணனுக்கு மட்டும் ஏன் வந்துச்சு, கண்ணு?

நித்யா: வெயில் மட்டும் இல்லீங்க அத்தை. கிட்னி மாத்துனதுல இருந்து போடற மாத்திரையும் சேர்ந்துக்கிச்சு

பெரியப்பா: அப்ப இன்னைக்கே நிறுத்திப்போடறேன்

நித்யா: ஐயோ பெரியப்பா!! ஒரு வேளை கூட விடாதீங்க, கிட்னி போயிரும். மாத்தணும்னா டாக்டர் மாத்துவாரு

நித்யா: வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர், தோல் செல்லோட டிஎன்ஏல பக்கத்துப் பக்கத்து ரெண்டு எழுத்த ஒட்டிப்போடும். நம்ம எல்லாருக்கும் நடக்கறதுதான். உடம்பே அந்தத் துண்ட வெட்டிட்டுச் சரியா எழுதிக்கும். அது எப்படி நடக்குதுன்னு காட்டுன அசீஸ் சஞ்சாருக்கு 2015 நோபல்ல பங்கு கெடச்சுது

நித்யா: சிலது விட்டுப்போயி, டிஎன்ஏல சிங்கற எழுத்து இருக்கற எடத்துல டி விழுந்துரும். அந்தப் பிழை பி53ங்கற ஜீன்ல விழுந்தா பெரிய வினை. கெட்ட செல்லப் பெருக விடாம நிறுத்தறது, சாக வைக்கறது அதோட வேலை

கார்த்தி: கங்காணியே அவுட்டு

நித்யா: ஆமா. அப்பவும் நோயெதிர்ப்பு செல்லுக பல தடவ புடிச்சிரும். ஆனா புதுக் கிட்னிய வேத்தாள்னு தொரத்தக் கூடாதுன்னு, பெரியப்பாவுக்கு அதுகளத்தான் மாத்திரையில அடக்கி வெச்சிருக்கு

பெரியப்பா: வேலந்தாவளம் செக்போஸ்ட்ல நம்ம வண்டிய விடறதுக்காக ஆளுகளத் தூங்க வெச்சா, பின்னாலயே கள்ள ஸ்பிரிட் லாரியும் போயிரும். அதான?

நித்யா: 😂 அதேதான். வெயிலும் தன் பங்குக்குத் தோல்ல இருக்கற காவல மட்டுப்படுத்தும்

செல்வி அத்தை: கருப்புத் தோலுக்கு வராதும்பாங்களே

நித்யா: நெறம் நல்லாத் தடுக்கும், முழுசா இல்ல. மெலனோமான்னு இன்னொரு தோல் கேன்சர் இருக்கு, அது நம்மாளுகளுக்கு உள்ளங்கால்ல கூட வரும். அதுக்கு வெயிலே வேண்டாம். கால்ல புதுசா கருப்புத் திட்டு வந்தாலோ, இருக்கறது பெருசானாலோ காட்டிருங்க

பெரியப்பா: வியாழக்கிழம வெட்டறாங்க. பொதன் தேங்கா போடற ஆளு வருவான்

கார்த்தி: நான் தோப்புல நின்னுக்கறேன், நீங்க வீட்ல இருங்க

பெரியப்பா: நான் தலைக்குத் துண்டு கட்டிக்குவேன்டா

நித்யா: நீங்க கட்டுனா காது ரெண்டும் வெளியதான் நிக்கும். இனிமே காதையும் சேத்துக் கட்டுங்க

பெரியப்பா: அப்ப போன் வந்தா எப்படிக் கேக்கறது?

செல்வி அத்தை: இத்தன நாளா எடுத்துக் கிழிச்சீங்க 🙄