மறு: இனிட்ராம்எஃப்எஸ்: ‘பெரட்டுக்களம்’ என்று வைத்தால் என்ன?

எல்லாருக்கும் வணக்கம்.

இனிட்ராம்எஃப்எஸ் என்பது லினக்ஸ் கணினி எழும்பும்போது, வன்தட்டு கைக்கு வரும்வரை நினைவகத்தில் ஓடும் சிறு கோப்பு முறைமை. அதற்குத் தமிழ்ச் சொல்லாகச் சென்ற மடலில் வந்த ‘தொடக்க நினைவக வட்டு’ எனக்குச் சரியாகப் படவில்லை. அது இதற்கு முன்பிருந்த பழைய இனிட்ஆர்டிக்குத்தான் பொருந்தும். அப்போது நினைவகத்தின் ஒரு பகுதியை வட்டு மாதிரியே நடிக்க வைத்தார்கள். லினக்ஸின் கருவான கர்னல் 2.6-க்குப் பிறகு வட்டு என்ற கதையே இல்லை. சிபிஐஓ வடிவில் கட்டிய ஒரு கோப்புப் பொதி நினைவகத்தில் விரிகிறது, அதற்குள் இருக்கும் ‘இனிட்’ என்ற நிரல் ஓடுகிறது, அவ்வளவுதான். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல்காரர்கள் அந்தப் பொதிக் கோப்புக்கு இன்னும் இனிட்ஆர்டி என்றே பெயர் வைக்கிறார்கள் என்பதற்காக நாமும் அந்தப் பழைய கணக்கைச் சுமக்க வேண்டுமா?

நேர் மொழிபெயர்ப்பான ‘தொடக்க நினைவகக் கோப்பு முறைமை’யில் பிழை இல்லை. ஆனால் யார் வாயில் நுழையும்? எங்கள் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பழுதான கணினியின் வன்தட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டினோம். கறுப்புத் திரை. இயங்குதளம் இருக்கும் மூலப் பகிர்வின் யூயூஐடி (அதன் அடையாள எண்) இல்லை என்று ஒரு வரி, கீழே அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ், பக்கத்தில் மினுங்கும் கோடு. “சேர், இனி ராமன் வந்திட்டான்” என்றான் ஒரு பையன். பிள்ளைகள் இப்போது அப்படியேதான் சொல்கிறார்கள்!

அந்த இடத்தில், பகிர்வுகளையும் யூயூஐடிகளையும் காட்டும் பிஎல்கேஐடி கட்டளையை அடித்துப் பார்த்தால் பாதி விசயம் விளங்கிவிடும். தட்டே தெரியவில்லையா, அதற்கான இயக்கி (வன்பொருளை வேலை செய்ய வைக்கும் நிரல்) பொதிக்குள் இல்லை. தட்டு தெரிகிறது, யூயூஐடி மட்டும் வேறாக இருக்கிறதா, கர்னலை ஏற்றும் கிரப் கொடுத்த ‘ரூட்=’ பிழை. கொஞ்சம் பொறுத்து அடித்தபிறகுதான் தெரிகிறதா, தட்டு மெதுவாக எழும்புகிறது, காத்திருக்கச் சொல்லும் ‘ரூட்டிலே=’ (ரூட் டிலே) கொடுத்துப் பார்க்கலாம். எங்களுக்கு முதலாவது. கர்னலும் பொதியும் இருக்கும் /பூட் பகிர்வில் இடம் போதாமல் யாரோ ‘மாட்யூல்ஸ்=டெப்’ என்று வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால் அந்த ஒரு கணினிக்கு வேண்டிய இயக்கிகள் மட்டுமே பொதியில் ஏறும். நல்லவேளை, பழைய கணினிக்கு மின்வழங்கிதான் போயிருந்தது. அதை மாற்றித் தட்டைத் திரும்ப அதிலேயே போட்டு, பெரும்பாலான இயக்கிகளை ஏற்றும் ‘மோஸ்ட்’ என்று திருத்தி, பொதியைத் திரும்பக் கட்டும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டியதும் தட்டு இரண்டிலும் எழும்பியது. கரண்ட் போய் வந்தபிறகு கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகேயைக் கையால் ஓட்டச் சொல்லி நிற்பது வேறு கதை. அதுவும் இதே இடத்தில்தான் நிற்கும்.

ஆகவே ஒரு பொருளுக்கு மட்டும் பெயர் வைத்துப் பயனில்லை. கோப்பு, அது விரியும் இடம், கணினி அங்கே நிற்கும் நிலை மூன்றுக்கும் ஒரே வேரிலிருந்து சொல் வேண்டும். மலையகத்தில் அது நம் கையிலேயே இருக்கிறது: பெரட்டு, தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது. காலையில் பெரட்டுக்களத்தில் நின்றால்தான் யார் கொழுந்து பறிக்க, யார் கவ்வாத்துக்கு (தேயிலைச் செடியை வெட்டிவிட), எந்த மலை என்று தெரியும். ஆட்கள் மலைக்கு ஏறியதும் களம் காலி. இனிட்ராம்எஃப்எஸும் அப்படியே. இயக்கிகளை எழுப்பி, மூலப் பகிர்வைக் கண்டுபிடித்து, அதனிடம் பொறுப்பைக் கொடுத்து, தன் கோப்புகளைத் தானே அழித்துக்கொண்டு போய்விடுகிறது. கோப்பு பெரட்டுப் பொதி, இடம் பெரட்டுக்களம். “கணினி பெரட்டுக்களத்திலேயே நிக்குது” என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உரை தேவையில்லை.

ஹட்டனிலிருந்து

*

அண்ணே,

உங்கள் மடலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “பிந்திப் போனா அரைப்பேரு, இல்லாட்டி வீட்டுக்குத் திரும்பு” என்று சொல்லிச் சிரித்தார். அரைப்பேரு என்றால் அரை நாள் சம்பளம். அந்தச் சொல்லைக் கணினிக்கு வைப்பதில் அவருக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் மனம் வரவில்லை.

அதை விட்டாலும், யாழ்ப்பாணத்தில் அடிக்குறிப்பு போட வேண்டும், சென்னையில் இன்னும் நீளமான அடிக்குறிப்பு. ‘களம்’, ‘பொதி’ இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்வோம், அவை நல்ல சொற்கள். முன்னால் ‘தொடக்க’ சேர்த்தால் போதும்: தொடக்கக்களம், தொடக்கப் பொதி. ‘முன்களம்’ என்று முதலில் நினைத்தேன், ஆனால் முன்களப் பணியாளர் என்று ஏற்கெனவே வேறு பொருளில் ஓடுகிறது. இன்னொன்று: உங்கள் விளக்கம் முழுக்க டெபியன் வழி. மற்ற வழங்கல்களில் பொதி கட்டும் கருவி வேறு: ஃபெடோராவில் டிராகட், ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓ. கருவிப் பெயர் எதுவும் கலைச்சொல்லுக்குள் வரக்கூடாது.

பண்டாரவளையிலிருந்து

*

தங்கச்சி,

சரி. கலைச்சொல் பட்டியலில் தொடக்கக்களம், தொடக்கப் பொதி. பெரட்டை எங்கள் பாடசாலைக் கையேட்டில் விளக்கமாக ஒரு வரி வைத்துக்கொள்கிறேன், அதை மட்டும் விட மாட்டேன்.

திரையில் இந்தத் தமிழ்ச் சொற்கள் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்த நண்பருக்கு: அங்கே தமிழ் தெரியவே தெரியாது. அந்த நேரத்து உரைத்திரை அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களோடு நிற்பது. கொம்பும் காலும் சேர்த்துத் தமிழைக் கோக்க அதனால் முடியாது. எனவே பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும். கையேட்டில் ஒவ்வொரு செய்தியையும் திரையில் வருகிறபடியே போட்டு, அதற்குக் கீழே தமிழ் விளக்கம் எழுதுங்கள். கட்டளைப் பெயர்களை யாரும் மொழிபெயர்த்துவிட வேண்டாம்.