காஞ்சிபுரம் தறி வீடுகளை வருடாவருடம் எடுப்பது: படத்தில் பட்டை விழுகிறது, பழைய இடத்தில் நிற்பது எப்படி?

பாவுநூல்:
காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுத் தெருவை வருடத்துக்கு ஒருமுறை படமெடுத்து ஆவணப்படுத்தப் போகிறேன். ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். தறி அறைக்குள் சைலன்ட் (சத்தமில்லாத எலக்ட்ரானிக்) ஷட்டரில் 1/250 நொடி வைத்தால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுகின்றன. என்ன செய்யலாம்? அடுத்த வருடம் அதே இடத்தில் நிற்க ஜிபிஎஸ் குறித்துவைத்தால் போதுமா?

நிழல்வெளி:
கேமராவில் கோளாறு இல்லை, விளக்குதான் காரணம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் டியூப்லைட்டும் மலிவான எல்ஈடியும் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். சைலன்ட் ஷட்டரில் சென்சார் வரிவரியாகப் பதிவதால் அந்த மங்கல் பட்டையாகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 வையுங்கள். 1/50-ல் நாடா (ஊடைநூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை) வீசும் கை கலங்கும். கலங்கட்டும், வேலை நடப்பது தெரியும். ஜரிகை வெளுத்துப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரை (பதிவாகும் ஒளியை) 2/3 ஸ்டாப் குறைத்து, ரா-வில் (பிறகு திருத்த வசதியான, சுருக்காத கோப்பு வடிவம்) எடுங்கள். விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லாதீர்கள். இழை தெரியாமல் நெசவாளர் வேலை நின்றுவிடும்.

மூன்றாம்கால்:
ஜிபிஎஸ் உதவாது. குறுகலான தெருவில் பல மீட்டர் தள்ளிக் காட்டும். கிட்டே ஒன்று, தூரத்தில் ஒன்று என இரண்டு பொருள்களை நேர்கோட்டில் வைத்து எடுங்கள். திண்ணைத் தூணின் விளிம்பும் எதிர்வீட்டு ஜன்னல் சட்டமும் ஒட்டி நிற்கிற மாதிரி. அடுத்த முறை பழைய படத்தை போனில் திறந்து ஒப்பிடுங்கள். ஜன்னலைவிட்டுத் தூண் வலப்பக்கம் விலகியிருந்தால் நீங்கள் இடப்பக்கம் தள்ளி நிற்கிறீர்கள், வலப்பக்கம் நகருங்கள். குவியத்தூரம் (லென்ஸின் ஜூம் அளவு) கொஞ்சம் மாறினால் கிராப் செய்து சரிக்கட்டலாம், நின்ற இடம் மாறினால் முடியாது. கேமரா உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். அதே மாதம், அதே நேரம் போங்கள். இல்லாவிட்டால் நிழலே வேறு.

தறி போன வீட்டையும் விடாதீர்கள். நெசவாளர் கால் வைக்கும் தறிக்குழியை மூடிய சிமென்ட் பழைய தரையோடு நிறம் சேராது, செவ்வகமாகத் தனியே தெரியும். மேலே இருந்து ஒன்று, வாசலிலிருந்து ஒன்று. கறுப்பு வெள்ளை வேண்டாம், அந்த நிற வித்தியாசமே காணாமல் போகும்.

ஊடை:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் குறிப்பு இல்லாத படம் பத்து வருடத்தில் பயன்படாது. தேதி, குழித்தறியா விசைத்தறியா, கோர்வைச் சேலையா (கரையை வேறு நிறத்தில் தனி நாடாவால் உடலோடு கோத்து நெய்வது), பக்கத்தில் கரை நாடா போட ஆள் உண்டா, கூலிக்கு நெய்கிறாரா சொந்தமாகவா என்று அன்றைக்கே ஐபிடிசி புலத்தில் (படக் கோப்புக்குள்ளேயே குறிப்பு எழுதும் இடம்) எழுதிவிடுங்கள். கூலித்தொகையைப் பெயரோடு வெளியிடாதீர்கள். பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) கொடுக்கும் முதலாளியோடு உரசல் வரும்.

மில்டன் ரோகோவின் என்ற புகைப்படக்காரர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1970களில் எடுத்த குடும்பங்களையே 80களிலும் 90களிலும் தேடிப்போய் எடுத்தார். எடுத்தவர்களுக்குப் பிரின்ட் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். நீங்களும் 6×8 அங்குல மேட் பிரின்ட் ஒன்றை அந்த மாதத்துக்குள் நேரில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போன் மாறும்போது போய்விடும்.