கட்டடம் கட்டுகிறவருக்குக் கதையோடு என்ன வேலை?

எல்லாருக்கும் வணக்கம்.

"கட்டடம் கட்டுகிற ஆளுக்குக் கதையோடு என்ன வேலை?" என்று போன வாரம் ஒருவர் கிண்டலாகக் கேட்டிருந்தார். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் மல்லுக்கட்டுவதே அந்தக் கேள்வியோடுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை என்றதும் சுவரில் ஓவியம், வாசலில் சிலை என்று நினைத்துவிடாதீர்கள், அது ஒட்டு வேலை. உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் யார் படுகிறார், எங்கே தயங்கி நிற்கிறார், எந்த மூலையில் நிம்மதியாக உட்காருகிறார் என்பதைக் கதவும் ஜன்னலும் தீர்மானிக்கின்றன இல்லையா, அதைத்தான் சொல்கிறேன்.

ஒருமுறை ஒரு சமுதாயக்கூடத்துக்கு வரைபடத்தை விரித்து வைத்து விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். யாருக்கும் அது பிடிபடவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. மறுநாள் திடலில் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடு போட்டு, சுவர் வரும் இடங்களில் கயிறு கட்டிச் சாக்கைத் தொங்கவிட்டோம். ஒரு அம்மா சமையலறைக்குள் போய் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இங்க நின்னா மேடையே தெரியலையே, நாங்க மட்டும் ஒண்ணும் பாக்க வேண்டாமா?" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சாக்கை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினோம்.

எகிப்தில் லக்சர் பக்கம் ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக்கலைஞர் 1940களில் புது குர்னா என்ற கிராமத்தைக் கட்டினார். மண் செங்கல், தெற்கு எகிப்தின் நூபியப் பகுதிக் கொத்தனார்கள் சாரப்பலகை இல்லாமல் எழுப்பிய வளைவுக் கூரை, பார்க்கப் பார்க்க அழகு. ஆனால் பழைய குர்னாக்காரர்கள் பழங்காலக் கல்லறைகளின் மேலேயே குடியிருந்து, அவற்றை வைத்தே பிழைத்தவர்கள். அங்கிருந்து அவர்களைக் கிளப்பத்தான் அரசாங்கம் இதைக் கட்டியது. பெரும்பாலோர் வர மறுத்துவிட்டார்கள். ஃபாத்தியை நான் குறை சொல்லமாட்டேன், அவர் மனசு சுத்தம். ஆனால் அவர் சொன்ன கதைக்குள் அந்த ஜனங்களின் பிழைப்பு இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் ஃபிரான்சிஸ் கெரே என்ற கட்டடக்கலைஞர் தன் சொந்தக் கிராமமான காண்டோவில் பள்ளிக்கூடம் கட்டியது வேறு மாதிரி. மண் மழைக்குத் தாங்குமா என்று ஊரே சந்தேகப்பட்டது, கடைசியில் அதே ஊர் ஜனங்கள்தான் கூடிக் கட்டினார்கள், 2001-இல் முடிந்தது. அப்புறம் அங்கே நூலகம் எழுந்தபோது வீட்டு மண்பானைகளை வாங்கி, வெட்டிக் கூரையில் பதித்தார், வெளிச்சமும் காற்றும் அந்த ஓட்டைகள் வழியாக வருகின்றன. அண்ணாந்து பார்த்து "அது எங்க வீட்டுப் பானை" என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு வாய்ப்பிருக்கிறதே, அதற்கு மேல் என்ன சிற்பம் வேண்டும்? 2022-இல் அவருக்குக் கட்டடக்கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கொடுத்தார்கள்.

சிலியில் இக்கிகே நகரத்தில் அலெஹாந்த்ரோ அரவேனா என்ற கட்டடக்கலைஞரின் குழுவினர் 2004-இல் சுமார் 100 குடும்பங்களுக்குப் பாதி வீடு மட்டும் கட்டிக்கொடுத்து, மீதியை அந்தக் குடும்பங்களே கட்டிக்கொள்ள இடம் விட்டார்கள். பாதியைக் கட்டிவிட்டுக் கைகழுவுவதா என்று திட்டுகிறவர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு ஜன்னல் என்று அந்த மீதியை அவர்கள் நிரப்பியிருப்பதைப் படத்தில் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

சரி, ஒரு உதவி. நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில், கட்டியவர் நினைத்தே பார்க்காத விதத்தில் ஜனங்கள் பயன்படுத்துகிற படிக்கட்டோ, திண்டோ, வாசலோ இருந்தால் எழுதுங்கள். படம் வேண்டாம், யார் எந்த நேரத்தில் வந்து அங்கே உட்காருகிறார்கள் என்று சொன்னால் போதும்.