கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு தரும் கேள்வித்தாளை யார் நிரப்புவது?

செல்வி_மதுரை:
அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய். இடது கழுத்து நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள், ரேடியேஷனும் முடிந்தது. ரிவ்யூவுக்குப் போகும்போதெல்லாம் விழுங்க முடிகிறதா, வலி இருக்கிறதா என்று ஒரு படிவம் தருகிறார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் தொந்தரவு இல்லை என்றே டிக் போடுகிறார். உயிரைக் காப்பாற்றிய டாக்டரிடம் குறை சொல்லக் கூடாதாம். வீட்டிலோ சட்டை மாட்ட அம்மா வேண்டும், ரசம் சாதத்தையே தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் இறக்குகிறார், கல்யாண வீட்டில் பந்திப் பக்கமே போவதில்லை. அவருக்குப் பதிலாக நானே நிரப்பலாமா?

பிசியோ_கோவை:
வேண்டாம், அவரே சொல்லட்டும். எவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொண்டாலும் அவருக்குள் இருப்பது நமக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் சட்டை விஷயத்தை விட்டுவிடாதீர்கள். தோளைத் தூக்கும் டிரப்பீசியஸ் தசைக்கான நரம்பு அந்த நெறிக்கட்டிகளை ஒட்டித்தான் ஓடுகிறது. 1906இல் கிரைல் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் விவரித்த முறையில் அதையும் சேர்த்தே வெட்டினார்கள். இப்போது முடிந்தவரை காப்பாற்றுகிறார்கள், ஆனாலும் ஆபரேஷனில் இழுபட்டாலே மாதக்கணக்கில் கையைப் பக்கவாட்டில் மேலே தூக்கச் சிரமப்படுவார்கள். இதற்குப் பயிற்சி உண்டு, சீக்கிரம் தொடங்க வேண்டும். தொந்தரவு இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அவரை எங்களிடம் யார் அனுப்புவார்கள்?

ஆய்வுப்பிரிவு77:
எந்தப் படிவம் என்று பாருங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகப் படிவத்தின் 12 அம்சங்களில் தோளும் ஒன்று, கடந்த 7 நாட்களில் எந்த மூன்று பெரிய தொந்தரவு என்றும் கேட்பார்கள். ஈஓஆர்டிசி என்ற ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் தலை-கழுத்துப் படிவம் என்றால், பழைய 35 கேள்விகளில் பிறர் முன்னால் சாப்பிடும் சங்கடம் உண்டு, தோள் கிடையாது; 43 கேள்விகளாக்கியபோதுதான் சேர்த்தார்கள். மதிப்பெண் 0 முதல் 100 வரை. சுமார் 10 புள்ளி மாறினாலே நோயாளி உணரக்கூடிய மாற்றம் என்பார்கள். ஆபரேஷனுக்கு முன் நிரப்பியது இருந்தால்தான் எவ்வளவு இழந்தார், எவ்வளவு மீண்டார் என்று தெரியும், பழைய ஃபைலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

தஞ்சை_அக்கா:
என் வீட்டுக்காரரும் இப்படித்தான், தங்கச்சி. முதல் நாள் ராத்திரி வீட்டிலேயே உட்காரவைத்து, "குறை சொல்ல வேண்டாம், இந்த வாரம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்று ஒவ்வொரு கேள்வியாக வாசித்தேன். அப்போதுதான் வாய் திறந்தார்.

செல்வி_மதுரை:
நன்றி அக்கா. எங்களுக்குத் தந்தது 35 கேள்விதான். தோளைப் பற்றித் தனியாக எழுதிக் கொடுக்கலாமா?

பிசியோ_கோவை:
தாராளமாக. கை எதுவரை ஏறுகிறது, சட்டை மாட்ட ஆள் வேண்டியிருக்கிறது, இரண்டையும் ஓரத்திலேயே எழுதி, பிசியோவுக்குச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.