மறு: கன்டெய்னர் பைப்லைனுக்குத் தமிழில் என்ன?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

செங்கோட்டை ஐயாவுக்கும் நகரி அக்காவுக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் பாடத்தாள் அச்சாக வேண்டும். மென்பொருளைக் கொண்டுசேர்க்கும் பழைய முறையையும் கன்டெய்னர் முறையையும் ஒப்பிடும் இரண்டு பக்கம். நிரலைக் கட்டுவது, சோதிப்பது, ஓடவிடுவது என்று படிப்படியாகக் கொண்டுபோகும் பைப்லைனுக்குக் 'குழாய்வழி' என்று எழுதிப் போட்டேன். "எந்தக் குழாயடி சார்?" என்று மாணவர்கள் கேட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இங்கே குழாய் என்றால் குடத்தோடு நிற்கிற இடம்தான்.

ஐயா, கன்டெய்னருக்குக் 'கலம்' ஒன்றே போதும், 'கொள்கலன்' எதற்கு என்கிறீர்கள். நீங்கள் காட்டிய அகநானூற்று அடி, "யவனர் தந்த வினைமாண் நன்கலம்", முசிறியைப் பாடுவது. இன்றைய கேரளக் கரை என்பதால் கேரளத்தில் இருக்கும் எங்களுக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அங்கே கலம் என்பது கப்பல். 1956இல் அமெரிக்காவில் 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் 58 கன்டெய்னர் பெட்டிகளை ஏற்றினார்களே, கப்பல் வேறு பெட்டி வேறு என்பதுதான் அந்த முறையின் உயிர். பெட்டியைத் திறக்காமலே கப்பலிலிருந்து லாரிக்கு மாற்றலாம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் அதுவே போய்விடும். இன்னொன்று, என் மாணவர்கள் தெருவில் இறங்கினால் மலையாளம். மலையாளத்தில் கலம் சோற்றுப் பானை.

நான் பாலை வைத்து விளக்கினேன். கேனிலிருந்து கேனுக்கு ஊற்ற ஊற்ற ஒவ்வொரு கேனின் வாடையும் பாலில் ஏறும். பழைய முறையும் அப்படித்தான். நிரலை மட்டும் அனுப்புவோம். ஜாவா நிரல்மொழியின் பதிப்பும், நூலகங்கள் என்கிற துணை நிரல்களும் அந்தந்தச் சர்வரில் இருப்பவை. சோதனைச் சர்வரில் ஓடியது உண்மைச் சர்வரில் விழும். கன்டெய்னர் முறை பாக்கெட் பால். நிரல், நூலகங்கள் எல்லாம் ஒரே படிமமாக (இமேஜ்) ஒருமுறை கட்டி, சோதித்த அதே படிமத்தைக் கடைசிவரை நகர்த்துவது. இயங்குதளத்தின் கருவான கெர்னல் மட்டும், படிமம் ஓடுகிற கணினியுடையது. புதியது பழுதானால் முந்தைய படிமத்தை ஓட்டலாம். தரவுத்தளத்தில் செய்த மாற்றம் அதனால் தானாகத் திரும்பாது. அதையும் தாளில் எழுதியிருக்கிறேன்.

மென்பொருளைச் சர்வரில் ஏற்றி ஓடவிடும் டிப்ளாய்மென்டுக்கு 'வரிசைப்படுத்தல்' தயவுசெய்து வேண்டாம். அங்கே எதையும் வரிசையில் நிறுத்தவில்லை. 'களமிறக்கல்' இருக்கட்டும். பைப்லைனுக்கு 'வழங்குதடம்' என்கிறேன். பஸ் வழித்தடம் எல்லோருக்கும் தெரியும்.

செங்கோட்டையிலிருந்து

தம்பி, பால் உவமை நன்று. 'தடம்' பற்றிச் சற்றுப் பொறுங்கள். "தடவும் கயவும் நளியும் பெருமை" என்பது தொல்காப்பிய உரியியல். தட என்றாலே பெருமை. தடம் என்றால் குளமும் ஆகும். ஓடுவதைச் சொல்ல நிற்கிற நீரா? வாய்க்காலில் 'கால்' இருக்கிறது, காற்றுக்கும் அதே கால். ஓட்டம் அந்தச் சொல்லிலேயே உண்டு. 'வழங்குகால்' என்று வையுங்கள்.

நகரியிலிருந்து

ஐயா, 'வழங்குகால்' என்றால் 'வழங்கும்போது' என்றுதான் படிப்பார்கள். 'வழங்குங்கால்' என்று எழுதுகிறோமே, அதோடு குழம்பும். தடமே நல்லது. கன்டெய்னரை அப்படியே விடுங்கள் என்பது என் கட்சி. எங்கள் பிள்ளைகள் தெலுங்கிலும் அதைத்தான் படிக்கிறார்கள். நாளை வேலைக்குப் போகிற இடத்தில் 'கொள்கலன்' என்றால் யாருக்குத் தெரியும்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

சரி, நேரமாகிவிட்டது. தாளில் 'வழங்குதடம்' போகிறது. முதல் வரியில் கன்டெய்னர் என்ற கொள்கலன், அப்புறம் எல்லா இடத்திலும் கொள்கலன். அக்கா மன்னிக்க வேண்டும், தமிழில் ஒரு சொல்லையாவது அவர்கள் கையில் கொடுத்து அனுப்ப ஆசை.

செங்கோட்டையிலிருந்து

அச்சுக்குப் போகட்டும். கலத்தை நான் விடவில்லை. தோணி, அம்பி, வங்கம், நாவாய் என்று கப்பலுக்கு இத்தனை சொல் இருக்கும்போது, கலத்தைப் பெட்டிக்குக் கொடுப்பதில் என்ன நட்டம்? விரிவாக ஞாயிறு எழுதுகிறேன்.