டொயோட்டா கல்டினா ஜிடி-டி: 95 பெற்றோலில் 1.2 பூஸ்ட் ஓடுமாம், டியூன் வேண்டாமாம்

இரும்புப்பெட்டி (கிளிநொச்சி):
வவுனியாத் தம்பி ஒருவர் தன் கல்டினாவின் வீடியோவைப் போட்டு, கீழே இப்படி எழுதியிருக்கிறார்: "கம்பனி டர்போவைக் கழற்றிவிட்டு டிடி05 போட்டேன். 95 பெற்றோலில் 1.2 ஓடுகிறது. டியூன் தேவையில்லை, பூஸ்ட் கொன்ட்ரோலரைத் திருகினால் போதும்." டிடி05 என்பது கம்பனி டர்போவை விடப் பெரிய டர்போ. பூஸ்ட் என்பது டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுகிற அமுக்கம். டியூன் என்பது அதற்கேற்றபடி பெற்றோலையும் தீப்பொறி நேரத்தையும் கம்பியூட்டரில் சரிப்படுத்துவது. பெடியள் எல்லாம் கைதட்டுகிறார்கள். நாளைக்கு அவர்களில் யாராவது பிஸ்டனை உடைத்துக்கொண்டு என் கராஜுக்குத்தான் வரப்போகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கல்டினாவில் (எஸ்டி215) இருப்பது நான்காம் தலைமுறை 3எஸ்-ஜிடிஇ எஞ்சின். 1998 சிசி, 260 குதிரை. கொம்பிரஷன் (பிஸ்டன் கலவையை அமுக்குகிற விகிதம்) 9.0. இதற்கு முந்திய தலைமுறையில் அது 8.5 தான். ஜப்பான்காரன் கொம்பிரஷனைக் கூட்டிவிட்டு, பூஸ்டை 0.9 பார் அளவில் வைத்துவிட்டான். அவன் நாட்டில் நல்ல பெற்றோல் என்றால் ஒக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்குகிற அளவு) 100 என்று போட்டு விற்கிறார்கள். எங்களுக்கு 92, கையில் காசு இருந்தால் 95. அந்த 95 உம் எங்கள் பக்கத்துப் பெற்றோல் செட்டில் பாதி நாள் இருப்பதில்லை. இதில் 1.2 ஆம். டியூன் வேண்டாமாம். புழுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா?

வவுனியா_கல்டினா:
அந்தத் தம்பி நான்தான். என்னிடம் நேரே கேட்டிருக்கலாம் அண்ணை, ஊரைக் கூட்டித் தலைப்புப் போடத் தேவையில்லை.

அந்த டர்போவின் டர்பைன் வீடும் மனிஃபோல்டும் ஒரே வார்ப்பு. டர்போவை மட்டும் கழற்றி வேறொன்றைப் பூட்ட முடியாது. மனிஃபோல்ட், டவுன்பைப், ஒயில் லைன், தண்ணீர் லைன் எல்லாம் புதிதாகச் செய்தேன். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, மிச்சத்தை அங்கேயே வெல்ட் பண்ணி எடுத்தேன். அதெல்லாம் உங்கள் கண்ணில் படவில்லை. 1.2 மட்டும் படுகிறது. ஓடுகிறது, அவ்வளவுதான். மாங்குளம் வரை போய் வந்தேன், ஒரு சத்தம் இல்லை.

கணக்குவாத்தி:
இரண்டு பேரிடமும் ஒரு சின்னக் கேள்வி. 1.2 என்றால் எது 1.2? பாரா, கிலோவா? வளிமண்டல அமுக்கத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா? எத்தனை ஆர்பிஎம்மில்? இன்னொன்று. பூஸ்ட் என்பது அமுக்கம், காற்றின் அளவு அல்ல. சின்ன டர்போவின் 1.2 உம் டிடி05 இன் 1.2 உம் எஞ்சினுக்குள் தள்ளும் காற்று ஒன்றல்ல. இதை முதலில் தீர்த்துக்கொண்டால் மிச்சத்தைச் சண்டை இல்லாமல் பேசலாம்.

மல்லாவிப்பெடியன்:
மாஸ்ரர், 1.2 என்றால் 1.2 தான். பள்ளிக்கூடம் விட்டாச்சு 😂

இரும்புப்பெட்டி:
"ஒரு சத்தம் இல்லை" என்கிறார். தம்பி, நொக் (கலவை தானாக வெடிப்பது) அடித்தால் உங்களுக்குக் கேட்காது. டவுன்பைப்பை மாற்றி, சைலன்சரையும் வெறும் குழாய் ஆக்கிய பிறகு பக்கத்தில் லொறி ஹோர்ன் அடித்தாலே கேட்காது. எஞ்சினில் இருக்கிற நொக் சென்சர் கேட்டுத் தீப்பொறி ரைமிங்கைப் பின்னால் இழுக்கிறது. அதனால்தான் இன்னும் உடையாமல் இருக்கிறது. நீங்கள் பூஸ்டைக் கூட்டுகிறீர்கள், அது ரைமிங்கைக் குறைக்கிறது. எக்ஸோஸ்ட் சூடுதான் ஏறுகிறது, குதிரை ஏறவில்லை. வீடியோவிலேயே தெரிகிறது, நாலாயிரத்துக்கு மேல் கார் இழுக்கவில்லை, இரைகிறது.

அடுத்தது எங்கள் ஊர் வெயில். 35 பாகைக் காற்றை 1.2 பாருக்கு அமுக்கினால், நல்ல டர்போவாக இருந்தாலும் அதன் வாயால் வருகிற காற்று 140 பாகையை நெருங்கும். அந்தக் காற்றை ஆற்ற வேண்டிய இன்டர்கூலர் எங்கே இருக்கிறது? எஞ்சினுக்கு மேலே, பொனற் ஓட்டைக்குக் கீழே. கார் ஓடும்போது சரி. முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்வரைக்கும் அந்த இன்டர்கூலர் எஞ்சின் சூட்டில் வேகும். அப்புறம் ஏறி இருந்து உடனே மிதிப்பீர்கள். பிள்ளையார் காருக்குக் காவல் இருப்பார், பிஸ்டனுக்கு இருக்க மாட்டார்.

ஒரு கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். கம்பனி கம்பியூட்டர் அளவுக்கு மேல் பூஸ்டைக் கண்டால் பெற்றோலை வெட்டும். உங்களுக்கு ஏன் வெட்டவில்லை?

ரொறன்ரோ வன்னியான்:
இங்கே வந்து பாருங்கள். 15 வருடம் கடந்த ஜப்பான் கார்களைக் கனடாவில் இறக்கலாம். என்னிடம் சுபாரு லெகசி ஜிடி-பி இருக்கிறது, இரண்டு டர்போ, பில்ஸ்டைன் டாம்பர். நான் 91 போட்டு 1.2 ஓடுகிறேன். 91! உங்களுக்கு 95 இருக்கிறது. 95 இல் 1.2 ஓடாது என்பவருக்கு டியூன் செய்யத் தெரியாது என்றுதான் அர்த்தம். ஊரில் எல்லாவற்றுக்கும் "முடியாது" என்று சொல்லி ஒரு ஆள் இருப்பார்.

கணக்குவாத்தி:
ஐயா, உங்கள் 91 உம் எங்கள் 95 உம் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. வட அமெரிக்காவில் பம்பில் எழுதுவது இரண்டு சோதனைகளின் சராசரி. இலங்கையில் எழுதுவது ஆய்வு ஒக்டேன் மட்டும். உங்கள் 91 இங்கே கிட்டத்தட்ட 95, 96 க்குச் சமம். ஆகவே நீங்கள் இரண்டு பேரும் அநேகமாக ஒரே பெற்றோலைப் பற்றித்தான் சண்டை பிடிக்கிறீர்கள்.

ரொறன்ரோ வன்னியான்:
91 என்றுதான் பம்பில் எழுதியிருக்கிறது. கண் இருக்கிறது எனக்கு.

இரும்புப்பெட்டி:
லெகசியைப் பற்றிப் பேச வேண்டாம். முதல் டர்போ முடிந்து இரண்டாவது எழும்புவதற்கு இடையில் நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒரு பள்ளம் விழுமே, அதை நிரப்பிவிட்டு வாருங்கள், பிறகு டொயோட்டாவைப் பற்றிக் கதைப்போம்.

ரொறன்ரோ வன்னியான்:
அந்தப் பள்ளம் ஒரு கணம்தான். கல்டினாக்காரனுக்கு அதைப் பற்றி எரிச்சல் இருப்பது இயல்பு. அடுத்து வந்த கல்டினா ஜிடி-ஃபோர் ஓட்டோமற்றிக்கில் மட்டும்தான் வந்தது, தெரியும்தானே? கியர் மாற்றத் தெரியாதவர்களுக்கு என்று டொயோட்டாவே முடிவு கட்டிவிட்டது.

பூநகரியான்:
எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஏ9 இல் காருக்கு 70 தான் வேகம். பரந்தனில் இருந்து பூநகரிக்கு வருகிற பாதையிலும், ஏ32 இல் வெள்ளாங்குளம் பக்கத்திலும் இரவானால் தார் சூட்டுக்கு மாடு வந்து படுத்துக் கிடக்கும். மாங்குளம் காட்டுப் பக்கம் யானை. 0.9 ஓ 1.2 ஓ, எங்கே கொண்டுபோய் மிதிக்கப் போகிறீர்கள்? கல்டினா வாங்கினது பின்னால் நெல் மூட்டை ஏற்றவா, பறக்கவா?

மல்லாவிப்பெடியன்:
பூநகரி அண்ணை, நெல் மூட்டையோடு 1.2 😂😂

வவுனியா_கல்டினா:
வேகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முந்துவதற்கு இழுவை வேண்டும், அதுதான் விஷயம். புளியங்குளத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டினவனுக்குத் தெரியும்.

சரி, இரும்புப்பெட்டி அண்ணைக்குப் பதில். பெற்றோல் வெட்டாமல் இருக்க எஃப்சிடி போட்டிருக்கிறேன். ஜப்பானிலேயே எல்லோரும் போட்டதுதான். அதில் என்ன மறைக்க இருக்கிறது? 95 இல் 1.2 ஓடுகிறது, இன்னும் ஓடுகிறது.

போர்க் காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது இதே வன்னியில் மண்ணெண்ணெயில் கார் ஓடினது. அந்த மண்ணில் இருந்துகொண்டு 95 போதாது என்கிறீர்கள். சிரிப்பாக இருக்கிறது.

இரும்புப்பெட்டி:
வந்தார் பாருங்கள் வழிக்கு! எஃப்சிடி! இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம்.

விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த எஞ்சினில் காற்றை அளக்கும் மீற்றர் கிடையாது. இன்டேக்கில் இருக்கிற அமுக்க சென்சரையும் வெப்ப சென்சரையும் பார்த்துத்தான் கம்பியூட்டர் இவ்வளவு பெற்றோல் என்று கணக்குப் போடுகிறது. எஃப்சிடி செய்வது ஒன்றே ஒன்றுதான். ஒரு அளவுக்கு மேல் அந்த சென்சர் அனுப்பும் வோல்ற்றேஜை மேலே போக விடாமல் பிடித்து வைக்கும். கம்பியூட்டர் "இன்னும் கம்பனி பூஸ்ட்தான்" என்று நினைத்துப் பழைய அளவுக்கே பெற்றோல் விடும். உள்ளே போகிற காற்றோ கூட. முழு மிதியில் காற்று பதினொன்றரைக்குப் பெற்றோல் ஒன்று என்ற அளவில் நிற்க வேண்டிய கலவை மெலிந்துகொண்டு போகும். மெலிந்த கலவை, 140 பாகைக் காற்று, 95 பெற்றோல், 9.0 கொம்பிரஷன். இனி பிஸ்டனில் ரிங் லாண்ட் (ரிங்குகளுக்கு இடையிலான விளிம்பு) உடைவதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

இந்தக் காலத்துக் கார்களைப் போல லாப்டொப்பைச் செருகிக் கம்பனி கம்பியூட்டரை மாற்றி எழுதுகிற சங்கதி இதில் இல்லை. தனிக் கம்பியூட்டர் போட வேண்டும், இல்லாவிட்டால் கம்பனி கம்பியூட்டரோடு சேர்த்துப் பூட்டுகிற பிக்கிபாக். வைட்பாண்ட் சென்சர் பூட்டி, கலவையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, பூஸ்டை 0.8 இல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இன்ஜெக்டர் எத்தனை வீதம் திறந்து நிற்கிறது, பெற்றோல் பம்ப் தாங்குகிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் 95 இல் 1.2 என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மண்ணெண்ணெய்க் கதையை என்னிடமே சொல்கிறீர்களா? அந்தக் கார்களைத் திருத்தினவன் நான். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர். கொம்பிரஷன் 7, 8 என்ற அளவு. ஒரு மூடி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்புக்குப் போகிற ஆள் இறங்கும்போது கண் எரிந்துகொண்டுதான் இறங்குவார். அதில் டர்போ இருந்ததா? 1.2 இருந்ததா?

ரொறன்ரோ வன்னியான்:
மண்ணெண்ணெய்க் காரில் நானும் போயிருக்கிறேன். அதுக்கு உங்கள் சேர்ட்டிபிக்கற் தேவையில்லை.

இரும்புப்பெட்டி:
பின்சீற்றில் போயிருப்பீர்கள். முன்னுக்கு ஹான்டில் போட்டுச் சுழற்றினவன் வேறு ஆள்.

ரொறன்ரோ வன்னியான்:
வெளிநாட்டில் இருக்கிறவன் வாயைத் திறந்தால் உடனே இந்தக் கதைதான். அனுப்புகிற காசுக்கு மட்டும் ஊர் ஒன்றும் சொல்லாது.

இரும்புப்பெட்டி:
எனக்கு யாரும் அனுப்புவதில்லை. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கி அதிலும் கராஜ் நடத்தினவன் நான்.

வவுனியா_கல்டினா:
கராஜ் நடத்தின லட்சணம் எங்களுக்கும் தெரியும். என் மச்சானின் வானுக்கு ஹெட் கஸ்கற் மாற்றிக் கொடுத்தீர்களே, அடுத்த மழைக்கு முதல் திரும்பத் தண்ணீர் குடித்தது. நான் பெயர் சொல்லாமல் இருந்தேன். நீங்களாகக் கேட்டு வாங்குகிறீர்கள்.

இரும்புப்பெட்டி:
ஓகோ, அந்த மச்சானா நீங்கள்! ஹெட்டை லேத்துக்கு அனுப்பித் தளம் எடுக்க வேண்டும் என்றேன். "அதெல்லாம் வேண்டாம் அண்ணை, கஸ்கற்றை மட்டும் மாற்றுங்கள்" என்றார். ரேடியேற்றரும் அடைத்துக் கிடந்தது, அதையும் கழுவ விடவில்லை. செலவைக் குறைத்துவிட்டு என்னைக் குறை சொல்வது குடும்ப வழக்கம் போல. டியூன் வேண்டாம் என்கிற புத்தி எங்கே இருந்து வந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது.

வவுனியா_கல்டினா:
குடும்பத்தை இழுக்க வேண்டாம்.

மல்லாவிப்பெடியன்:
அண்ணைமார், சண்டைக்கு நடுவில் ஒன்று. அந்தக் கழற்றின கம்பனி டர்போவை விற்கிறீர்களா? சித்தப்பாவின் ஜிடி-டி ஒயில் குடிக்கிறது.

வவுனியா_கல்டினா:
விற்க இல்லை. வைத்திருக்கிறேன்.

இரும்புப்பெட்டி:
ஏன் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள் பெடியளே. 😁

வவுனியா_கல்டினா:
என் சாமான், நான் வைத்திருப்பேன். 95 இல் 1.2 ஓடுகிறது. இதை எத்தனை தரம் சொல்வது?

கணக்குவாத்தி:
கலவையின் அளவைப் பதிவு செய்து ஒரு படம் போட்டால் முடிந்தது. பூஸ்ட் எவ்வளவு என்று எனக்கு அக்கறை இல்லை. 1.2 ஐ விட்டுவிட்டு எஞ்சினுக்குள் போகிற காற்றின் நிறையைப் பேசுங்கள் என்றுதான் முதலில் இருந்தே...

இரும்புப்பெட்டி:
மாஸ்ரர், நிறையைப் பற்றி நான் மேலே பந்தி பந்தியாக எழுதியாயிற்று, வாசிக்கவில்லைப் போல. பிரச்சினை 1.2 தான்.

வவுனியா_கல்டினா:
1.2 இல் ஒரு பிரச்சினையும் இல்லை.

பூநகரியான்:
நேற்று இரவும் சங்குப்பிட்டிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கார் மாட்டில் அடித்தது. அது எத்தனையில் ஓடினது என்று இங்கே யாருக்காவது தெரியுமா?

ரொறன்ரோ வன்னியான்:
மாட்டைக் கட்டி வளர்க்காதவர்களைக் கேளுங்கள். இங்கே மாடு றோட்டில் நின்றால் உரிமையாளருக்குத் தண்டம்.

பூநகரியான்:
இங்கேயும் தண்டம் இருக்கிறது. மாட்டுக்காரனை முதலில் கண்டுபிடித்துத் தாருங்கள். வயல் விதைத்தால் மாட்டை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது? மேய்ச்சல் தரை கேட்டு இந்தச் சனம் எவ்வளவு காலமாக அலைகிறது என்று ரொறன்ரோவில் இருந்து எப்படித் தெரியும்?

இரும்புப்பெட்டி:
மாட்டுக் கதைக்கு வேறு தலைப்புத் திறவுங்கள். லெகசிக்காரருக்கு நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை...